என்ஜின் இல்லாத விமானமும் ஐம்பது கடந்த மாணாக்கனும்

அடி அண்ணாமலையில் உள்ள பெருமதிப்பிற்குரிய மாமா அவர்களுக்கு, ஜெர்மனியிலிருந்து மருமகன் வணங்கி எழுதுவது.

ஐம்பது வயதைக் கடந்து, வீட்டுக் கடனும் பள்ளிக்குச் செல்லும் மகளும் உள்ள ஒருவன் என்ஜின் இல்லாத விமானத்தில் ஏறுவது அறிவுடைமையா என்று தாங்கள் எழுப்பிய வினா நியாயமானதே. ஆயினும் விடை கூறுமுன் அவ்விமானத்தின் இயல்பை விளக்குவது முறையாகும். கிளைடர் எனப்படுவது, நீண்டு ஒடுங்கிய இறக்கைகளின் துணையால், காற்றில் மெல்லச் சறுக்கி இறங்கிக்கொண்டே முன்செல்லும் வானூர்தி ஆகும். இந்நாட்டுப் பயிற்சிக் களங்களில் பெரிதும் காணப்படும் ஏஎஸ்கே 21 என்னும் இருவர் அமரும் கிளைடரின் இறக்கை நுனிக்கு நுனி 17 மீட்டர். அதன் சறுக்கு விகிதம் 34, அதாவது ஒரு மீட்டர் உயரத்தை இழப்பதற்குள் 34 மீட்டர் தொலைவு கடந்துவிடும். நம் அண்ணாமலையின் உச்சி சமவெளியிலிருந்து சுமார் 600 மீட்டர் உயர்ந்திருப்பதால், காற்றசையாத ஒரு நாளில் அவ்வுயரத்தில் விடப்படும் கிளைடர், கணக்கின்படி, 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையை ஒருமுறை முற்றாகச் சுற்றி முடித்து, மேலும் ஐந்தாறு கிலோமீட்டர் சென்று இறங்கலாம். கணக்கு கணக்காகவே இருக்கட்டும். இதனைப் பௌர்ணமியன்று எவரும் செய்து பார்க்க வேண்டியதில்லை.

இஃது அயலார் வேடிக்கை என்று அத்தை கருதக்கூடும். இந்திய அரசின் விமானப் போக்குவரத்துத் துறைப் பொறியாளர்கள் 1950களின் இறுதியிலிருந்தே கிளைடர்களை வடிவமைத்து வந்ததும், அவற்றுக்கு அசுவினி, பரணி, கார்த்திக், ரோகிணி, மிருகசீரிடம் என நட்சத்திரப் பெயர்களையே சூட்டியதும், பின்னர் பெங்களூரின் எச்.ஏ.எல். நிறுவனம் அவ்வரிசையைத் தொடர்ந்து திருவாதிரையைக் குறிக்கும் ஆர்த்ரா என்னும் கிளைடரைக் கட்டியதும் அவருக்குத் தெரிவிக்கத்தக்கன. விடியற்காலையில் பரணி தீபமும் மாலையில் கார்த்திகை தீபமும் காணும் ஊராருக்கு, அவ்விரு பெயர்களும் கிளைடர்களுக்கும் வழங்கின என்பது சற்று ஆறுதல் தரும் என்று மருமகன் நம்புகிறான்.

வயதைப் பற்றிய ஐயத்திற்கு வரலாறே முதல் விடை. ஓட்டோ லிலியன்தால் என்னும் ஜெர்மானியப் பொறியாளர் தாமே கட்டிய இறக்கைகளுடன் மேட்டிலிருந்து சறுக்கத் தொடங்கிய 1891இல் அவருக்கு வயது 43. கற்பிக்க ஆசிரியர் எவரும் அப்போது இல்லாமையால், அவரை இக்கலையின் தொடக்கநிலை மாணாக்கர் என்றே கொள்ளலாம். அவர் 1896இல் கிளைடருடன் விழுந்து இறந்தார் என்னும் இவ்வரியை அத்தைக்கு வாசித்துக் காட்டாதிருப்பது நலம். முதல் உலகப் போருக்குப் பின் வெர்சாய் உடன்படிக்கை ஜெர்மானியரின் என்ஜின் விமானங்களுக்குக் கடுந்தடை விதிக்கவே, 950 மீட்டர் உயரமுள்ள வாசர்குப்பே என்னும் குன்றில் 1920 முதல் இளைஞர்கள் கூடி என்ஜின் இல்லாமலே பறக்கப் போட்டியிட்டனர். தடுக்கப்பட்ட ஒன்றைச் சுற்றி வளைத்துச் செய்யும் அவ்வூக்கமே இவ்விளையாட்டை வளர்த்தது எனலாம்.

இன்றைய விதிகள் எளியவை. பதினான்கு வயது நிறைந்தவர் ஆசிரியரின் மேற்பார்வையில் தனியாகப் பறக்கலாம். பதினாறில் உரிமம் பெறலாம். மேல் வரம்பு என்று ஒன்று இல்லை, மருத்துவச் சான்று மட்டும் நாற்பதுக்குப் பின் ஐந்தாண்டுக்கு ஒருமுறை என்பதற்கு மாறாக ஈராண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கப்பட வேண்டும். உரிமத்திற்குக் குறைந்தது 15 மணி நேரப் பயிற்சியும் 45 முறை ஏறி இறங்குதலும் தேவை. இதன் விளைவாகத் தங்கள் பேத்தியும், அவள் தந்தையும், பேக்கரித் தொழிலிலிருந்து ஓய்வுபெற்ற முதியவர் ஒருவரும் ஒரே களத்தில் ஒரே வகுப்பினராக நிற்கின்றனர்; அவர்களுக்குக் கற்பிப்பவரோ இன்னும் கல்லூரிப் படிப்பை முடிக்காதவர். அண்ணன், சித்தப்பா, ஐயா என்னும் முறைகள் இங்கு இல்லை. எவரும் எவரையும் பெயர் சொல்லியே அழைக்கின்றனர். ஆனாலும் மூப்பு என்பது ஒழிந்துவிடவில்லை. தனியே பறந்தவர் மூத்தவர், பறவாதவர் இளையவர் என்பதே இங்குள்ள முறை. அம்முறைப்படி சென்ற கோடை முதல் தங்கள் பேத்தி தன் தந்தைக்கு மூத்தவள். இறங்கிய கிளைடரை மீண்டும் புறப்படும் இடத்திற்குத் தள்ளிச் செல்கையில் யார் எங்கே கை வைக்க வேண்டும் என்று உரத்த குரலில் பணிப்பது அவளுக்குரிய கடமையாகிவிட்டது. வீட்டில் தன் தட்டை எடுத்து வைக்கவும் பத்து முறை சொல்ல வேண்டியவள் அதனை மிகுந்த பொறுப்புடன் நிறைவேற்றுகிறாள்.

எடையிலும் வேறுபாடு உண்டு. ஏஎஸ்கே 21இன் முன்னிருக்கையில் அமர்பவரின் எடை, முதுகில் கட்டும் பாராசூட்டையும் சேர்த்து, 70 கிலோவுக்குக் குறையவும் 110 கிலோவை மிஞ்சவும் கூடாது. ஆதலால் தனியே பறக்கையில் பேத்திக்கு ஈயக்கட்டிகளைச் சேர்த்துப் பூட்டுகின்றனர். தந்தைக்கு அத்தகைய உதவி எதுவும் தேவைப்படவில்லை என்பதோடு, தீபத்திற்கு வரும்போதெல்லாம் அத்தையின் கையால் உண்ணும் அதிரசத்தைப் பற்றியும் அவன் ஆழ்ந்து சிந்திக்க வேண்டியிருக்கிறது.

கயிறு அறுந்தால் என்ன ஆகும் என்னும் தங்கள் வினாவே எல்லாவற்றிலும் கூர்மையானது. களத்தின் மறுகோடியில், ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் தொலைவில், வலிய என்ஜின் பூட்டிய உருளை ஒன்று நிற்கிறது. வின்ச் எனப்படும் அது கயிற்றைச் சுற்றி இழுக்க, கிளைடர் சில நொடிகளில் தரையை விட்டெழுந்து, மூக்கை வானோக்கி நிமிர்த்தி, ஒரு நிமிடத்திற்குள் சுமார் 400 மீட்டர் உயரத்தை எட்டுகிறது. அவ்வாறு ஏறுகையில் கயிறு அறுந்தால் வேகம் உடனே குன்றும். வேகம் குன்றினால் இறக்கை தாங்காது. ஆகவே கால்களுக்கிடையே நிற்கும் கைக்கோலைத் தயங்காமல் முன்தள்ளி மூக்கைத் தாழ்த்த வேண்டும். இதனைப் பழக்கும்பொருட்டு, பின்னிருக்கை ஆசிரியர் முன்னறிவிப்பின்றி மஞ்சள் குமிழை இழுத்துக் கயிற்றைக் கழற்றிவிடுவார். ‘டக்’ என்னும் ஒலி கேட்ட மாத்திரத்தில் பேத்தியின் கை கோலைத் தள்ளிவிடுகிறது. ஐம்பது கடந்த மாணாக்கனோ, தரை அருகில் இருக்கும்போது மூக்கைத் தரை நோக்கியே திருப்புவது ஏன் என்னும் தருக்கத்தை மனத்துள் முடித்து, அது சரியே என்று ஒப்பிய பின்னரே தள்ளுகிறான். இளையோர் கையால் கற்கின்றனர். முதியோர் காரணத்தால் கற்கின்றனர். காரணம் கைக்கு வந்து சேரும் வரை கிளைடர் காத்திருப்பதில்லை என்பதால், முதியோருக்குப் பயிற்சி நீள்கிறது. பேக்கரிப் பெரியவர் ஒரே பாடத்தை ஒரு கோடை முழுவதும் படித்தும் சலிப்படையவில்லை. அரை வாழ்நாள் விடியலுக்கு முன் எழுந்து பழகியவராதலால், களத்தின் கதவைத் திறப்பவரும் அவரே.

இவற்றுள் மருமகனுக்கு எளிதாக வந்தது ஒன்று உண்டு. வெயில் தரையைச் சூடாக்க, ஆங்காங்கே வெப்பக் காற்று தூணாக எழுகிறது. நம் மலையின் மேல் சிறகசைக்காமல் வட்டமிடும் பருந்துகள் ஏறுவது அத்தகைய தூண்களில்தான். கிளைடரும் அத்தகைய தூண் ஒன்றினுள் புகுந்து, வட்டமிட்டே உயர வேண்டும். முதலில் புகுந்தவர் எத்திசையில் சுற்றுகிறாரோ அத்திசையிலேயே பின்வருவோரும் சுற்ற வேண்டும் என்பது விதி. முண்டியடிக்காமல், முன்செல்பவரைப் பார்த்தபடி, ஒரே திசையில் பொறுமையாகச் சுற்றுவது கிரிவலப் பாதையோரம் பிறந்தவனுக்குப் புதிய பாடமன்று. ஆயினும் முன்னவர் இடப்புறமாகச் சுற்றும்போது, கூடவே இடமாகச் சுற்ற மனம் சற்றுக் கூசத்தான் செய்கிறது. கண்ணாடிக் கூரையின்மேல் ஒட்டிய ஒரு சாண் கம்பளி நூல் காற்றில் நேராகக் கிடக்கிறதா என்பதே அப்போது காண வேண்டியது. அதன் வால் இடப்புறம் சாய்ந்தால் வலக்கால் மிதியை அழுத்த வேண்டும். விலையுயர்ந்த கருவிகள் பல இருந்தும், ஆசிரியர் ஓயாது சுட்டுவது அந்நூலைத்தான்.

இப்போது குளிர்காலமாதலால் களம் மூடப்பட்டு, சங்கத்தார் பட்டறையில் இறக்கைகளைத் துடைத்து மெருகேற்றுகின்றனர். இளவேனிலில் மருமகன் தனியே பறக்கக்கூடும் என்று ஆசிரியர் சொல்லியிருக்கிறார். அதில்தான் தங்கள் தீர்ப்பு தேவைப்படுகிறது. முதன்முறை தனியே பறந்து இறங்கியவருக்கு முட்செடிகளால் கட்டிய பூங்கொத்தைக் கையில் கொடுத்து, அவரைக் குனியச் செய்து, சங்கத்தார் ஒவ்வொருவரும் பின்புறத்தில் ஓர் அடி வைப்பது இந்நாட்டு வழக்கம். எழும் காற்றை இருக்கையின் வழியே உணர்வதற்கு அவ்விடம் கூர்மை பெற வேண்டும் என்பது அவர்கள் கூறும் காரணம். பேத்தி சங்கத்தின் உறுப்பினள் மட்டுமல்லள், மேற்சொன்னபடி மூத்தவளும் ஆவாள். தன் முறையை விட்டுக்கொடுக்கப் போவதில்லை என்று இப்போதே அறிவித்துவிட்டாள். பெற்ற மகள் தந்தையை அடிப்பது நம் குடும்பத்தில் அடுக்குமா, அடுக்காதாயின் அவளுக்குப் பதிலாக எவர் அடிக்கலாம் என்பதை அத்தையுடன் கலந்துகொண்டு, பங்குனிக்குள் தெரிவிக்குமாறு வேண்டும்,

தங்கள் அன்பு மருமகன்.