கீசர் கசிவு: ஓர் அளவையியல் விசாரணை

குளியலறைச் சுவரில் தொங்கும் கீசரிலிருந்து வெளிப்படும் நீர் அனைத்தையும் ‘லீக்’ என்ற ஒரே சொல்லில் அடக்கிவிடும் வழக்கமே இவ்வாய்வுக்கு நேர்ந்த முதல் இடையூறாகும். ஊறுதல், கசிதல், சொட்டுதல், ஒழுகுதல் எனத் தமிழ் பிரித்து வழங்கும் நால்வகை நிலைகளுள் வாளி வைக்க வேண்டிய கட்டாயம் மூன்றாவதில்தான் பிறக்கிறது.

தருக்க நூலார் கூறும் காட்சி, கருதல், உரை என்னும் மூன்று அளவைகளுள் காட்சி இங்கே அடியோடு தோற்கிறது. கீசரின் அடியிலுள்ள நட்டில் கசியும் நீர், கனெக்‌ஷன் பைப்பின் பின்னல் உறைமேல் வழுக்கி இறங்கி, அதன் வளைவில் துளியாகத் திரண்டு விழுவதால், குற்றமற்ற பைப்பு மாற்றப்படுவதும் குற்றமுள்ள வாஷர் பதவியில் நீடிப்பதும் வீடுதோறும் காணப்படும் அநீதி.

கருதலுக்கு ‘ஏது’, அதாவது காரணத்தைக் காட்டும் அடையாளம், வேண்டும். போர்த் தண்ணீர் பாயும் வீடுகளில் மூட்டைச் சுற்றி வெள்ளையாக உப்புப் பூத்திருந்தால் கசிவு நாட்பட்டது. அடிமூடியின் உள்ளிருந்து துருநிறத்தில் நீர் இறங்கினால் ஐயம் உள்தொட்டியின் மீது விழும். அடையாளம் ஏதும் இல்லாதபோது, சுவிட்சை அணைத்து, மூட்டுகளை ஈரமறத் துடைத்து, ஒவ்வொன்றிலும் திருநீறு பூசி ஒரு மணிநேரம் காத்திருந்தால், எது முதலில் நனைந்து கருக்கிறதோ அதுவே பிறப்பிடம். (முகப் பவுடரும் இதே பலனைத் தருவதால் இம்முறைக்குச் சமயச் சார்பு கிடையாது.)

மூன்றாவதான உரை என்பது பிளம்பரின் வாக்கு. அண்ணாந்து பார்ப்பதற்கு முன்பே “டேங்க் போச்சு சார்” என்று வருமாயின், அது பூசிய நீறெல்லாம் உலர்ந்திருந்து, அடிமூடி மட்டும் நனைந்திருக்கும்போதுதான் பரிசீலனைக்குரியது. அப்போதும் ஹீட்டர் காயிலைத் தாங்கும் தட்டின் ரப்பர் வளையத்தை முதலில் கழற்றிப் பார்த்தல் முறை.

எஞ்சியிருப்பது, கசிவே அல்லாத ஒரு கசிவு. 25 லிட்டர் நீர் 25 டிகிரியிலிருந்து 60 டிகிரி செல்சியஸ் வரை சூடாகும்போது ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு லிட்டர் கூடுதலாக விரிவடைகிறது. வந்த வழியே திரும்ப முடியாதபடி ஒருவழி வால்வு தடுப்பதால், அந்த மிகுதி பாதுகாப்பு வால்வின் சிறு வாய் வழியே சொட்டுகிறது. சூடேறும்போது சொட்டி, ஆறியதும் நிற்பது இதன் இலக்கணம். அவ்வாயை எம்-சீல் வைத்து அடைத்துவிட்டு வெற்றி கொண்டாடுவோரும் உளர்; அவர்கள் வீட்டில் நீர் தன் அடுத்த வாயைத் தொட்டியின் பற்றவைப்பில் தேடத் தொடங்கியிருக்கும்.