வாறுகால் தகடுகளின் ஒருங்கிணைவு: சிவகாசித் தெருவை முன்வைத்து ஓர் ஆய்வு

வீட்டு வாசலுக்கும் தெருவுக்கும் நடுவே ஓடும் வாறுகாலின் மேல், பைக் ஏற்றுவதற்காகப் போடப்படும் இரும்புத் தகட்டைப் பற்றி அறிஞர் உலகம் காட்டிவரும் மௌனம் வருந்தத்தக்கது. அதைக் கலைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஆய்வுக்களம் சிவகாசி. ஆய்வுப்பொருள், 6 மி.மீ. கனத்தில் மூன்றடிக்கு இரண்டடி செக்கர் பிளேட் இரண்டு. இரும்பு கன செ.மீ.க்கு 7.85 கிராம் என்பதால் ஒவ்வொன்றும் ஏறத்தாழ 26 கிலோ வரும். ஒரே தகடாக இல்லாமல் ஏன் இரண்டு என்றால், பழைய இரும்புக் கடையில் அப்படித்தான் கிடைத்தது. இதற்கு மேல் தத்துவ விளக்கம் எதுவும் இல்லை. ராத்திரி பைக் ஏறும்போது முதல் தகடு ‘டங்’ என்கிறது, இரண்டாவது ‘டணார்’ என்கிறது. பத்தாயிரம் வாலா சரத்துக்குப் புரண்டுகூடப் படுக்காத ஊர், இந்த டணாருக்கு எழுந்து உட்கார்ந்துவிடும். சரம் என்றால் ஏதோ கல்யாண வீடு. டணார் என்றால், எதிர்வீட்டுக்காரர் இந்நேரத்தில் எங்கே போய் வருகிறார் என்ற ஆராய்ச்சி தொடங்கிவிடுகிறது. எனவே இரண்டு தகடுகளையும் இறுகச் சேர்த்தால் தெரு அமைதி பெறும் என்பது கருதுகோள்.

சேர்க்கும் முறைகளில் மூத்தது ரிவெட். 1914இல் திறக்கப்பட்ட பழைய பாம்பன் பாலம் இம்மரபுக்குச் சான்று. சிவகாசி 1985 வரை ராமநாதபுரம் மாவட்டத்தில் இருந்தபடியால், அதை உள்ளூர்ச் சான்றாகவே கொள்ள நமக்கு உரிமை உண்டு. துளையில் பழுக்கக் காய்ச்சிய ஆணியைச் செருகி மறுமுனையைத் தட்டிக் கொண்டையாக்கிவிட்டால், ஆறும்போது ஆணி சுருங்கித் தகடுகளைக் கவ்விக்கொள்ளும். வீட்டில் இதைச் செய்ய உலைக்கு ஒருவர், இடுக்கிக்கு ஒருவர், சுத்தியலுக்கு ஒருவர், பின்னாலிருந்து முட்டுக் கொடுக்க ஒருவர் வேண்டும். நான்கு பேரும் ஒரே சமயத்தில் பேச்சுவார்த்தையில் இருக்கும் குடும்பம் களஆய்வில் அகப்படவில்லை.

பிசைந்து ஒட்டும் பசையையும் சிலர் பரிந்துரைப்பர். பக்கவாட்டில் இழுத்தால் தாங்கும் பசை, ஓரத்திலிருந்து உரித்தால் தாங்காது. பைக் சக்கரம் செய்வது உரிக்கிற வேலை. மேலே செல்வோம்.

அடுத்தது வெல்டிங். 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாம்பன் பாலத்தின் இணைப்புகள் முழுக்க வெல்டிங்தான். ஆனால் நம் ஆய்வுக்களம் வேறு மாதிரி. இங்கே பட்டாசு ஆலைக்குள் இரும்புக் கருவிக்கு இடமில்லை, பித்தளையும் மரமும்தான். மருந்தறைக்குள் நுழையுமுன் வாசலிலுள்ள உலோகத் தகட்டைத் தொட்டு, உடம்பில் ஏறியிருக்கும் மின்னூட்டத்தை இறக்கிவிட வேண்டும். ஒரு பொறி என்ன செய்யும் என்று நன்றாகத் தெரிந்த அந்த மனிதர்களின் வாசலில், மருந்து படிந்த சட்டை கொடியில் காயும்போதே, வெல்டர் வந்து உட்கார்ந்து பொறிமழை பொழிகிறார். சட்டையை முதலில் உள்ளே எடுக்க வேண்டும். இதை மட்டும் விளையாட்டாகச் சொல்லவில்லை.

இரும்புத்தூள் காற்றில் எரிவதுதான் கம்பி மத்தாப்பின் பூ. வெல்டிங்கில் தெறிப்பதும் அதே இரும்புதான். ஆகவே இந்த ஊரில் வெல்டிங் தர மதிப்பீட்டுக்கு உள்ளாகிறது. மத்தாப்பு ஆலையில் வேலை பார்த்து ஓய்ந்த பாட்டி ஒருவர் திண்ணையிலிருந்து சொன்னது: “ஏய்யா, பூவே விரியலையே. பத்து சென்டிக் கம்பிக்கே இதைவிட நல்லா வரும்.” வெல்டர் முகமூடிக்குள் இருந்ததால் அவரது எதிர்வினை பதிவாகவில்லை.

இடைக்குறிப்பு ஒன்று. விருதுநகர்–தென்காசி ரயில் இவ்வூர் வழியாகத்தான் போகிறது. தண்டவாளங்களைச் சேர்க்க உலகெங்கும் வழங்கும் தெர்மிட் முறை, 1890களில் ஜெர்மனியின் ஹான்ஸ் கோல்ட்ஷ்மிட் கண்டது; அலுமினியப் பொடியும் இரும்பு ஆக்சைடும் சேர்ந்து எரிந்து உருகிய இரும்பைத் தரும். அலுமினியப் பொடி சிவகாசிக்குப் புதிதல்ல. வாறுகால் தகட்டில் துருவுக்கும் பஞ்சமில்லை. இரண்டும் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தும் இதை யாரும் வாசலில் முயலாதது இவ்வூராரின் நிதானத்தைக் காட்டுகிறது.

வெல்டிங்கின் விளைவுக்கு வருவோம். ஆறும்போது பற்று சுருங்கி, தகடு லேசாக வில் போல் வளைந்துவிடுகிறது. இரண்டாக இருந்தபோது டங், டணார். ஒன்றான பின் நாலு மூலையில் ஒன்று எப்போதும் தூக்கி நிற்பதால் ‘டடணார்’. சத்தத்துக்குக் காரணம் பிரிவு அல்ல, கீழே உட்காராமை என்பது இக்கட்டத்தில் தெரியவந்தது. கருதுகோள் போயிற்று; ஆய்வு தொடர்ந்தது. இன்னொரு குறையும் உண்டு. 1943 ஜனவரியில் ஷெனெக்டடி என்ற வெல்டிங் கப்பல், அமெரிக்கத் துறையில் கட்டி நின்றபடியே கிட்டத்தட்ட இரண்டாகப் பிளந்தது. ரிவெட் தகட்டில் விரிசல் பெரும்பாலும் அந்தத் தகட்டு ஓரத்தோடு நின்றுவிடும். பற்றவைத்ததில் அதற்கு நிற்க இடமில்லை. நம் வாறுகால் அவ்வளவு ஆழமில்லை என்பது ஆறுதல்.

எஞ்சியது நட்டு போல்ட்டு. இரண்டு தகடும் சந்திக்கும் இடத்துக்கு அடியில் இரும்புப் பட்டி ஒன்று கொடுத்து, 12 மி.மீ. போல்ட்டுகளை ஸ்பிரிங் வாசரோடு முடுக்கி, ஓரங்களில் பழைய டயர் துண்டு வைத்தால் டணார் அடங்குகிறது. போல்ட்டின் கொண்டையில் 8.8 என்றிருப்பது விலையன்று. முதல் 8, சதுர மி.மீ.க்கு 800 நியூட்டன் இழுவை தாங்கும் என்பது. அடுத்த 8, அதில் 80 சதவீதம் வரை நிரந்தரமாக நீளாது என்பது. 2021இல் மாநகராட்சியாகிவிட்ட ஊரில் வாறுகால் தூர்வார ஆள் வந்தால், பற்றவைத்த 52 கிலோவைப் புரட்டச் சொல்லாமல் கழற்றிக் கொடுக்கலாம்.

ஆனால் நட்டு எந்தப் பக்கம் என்பதில் தெரு இரண்டாகப் பிரிந்திருக்கிறது. மேலே வைத்தால் கால் விரல் இடிக்கும். கீழே வைத்தால் ஸ்பானர் பிடிக்க ஒருவர் வாறுகாலுக்குள் இறங்க வேண்டும். மருமகன்கள் ஊருக்கு வரும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று ஒரு தரப்பு கருதுகிறது. நட்டை அடிப்பக்கம் முன்கூட்டியே பற்றவைத்துவிட்டால் மேலிருந்தே முடுக்கலாம் என்பது நடுநிலையாளர் வாதம். அதற்கு அதே வெல்டரைத்தான் கூப்பிட வேண்டும். தீபாவளி முடியட்டும் என்றிருக்கிறார்.