கடன் போன பீரியடின் மனு

அனுப்புநர்
பி.இ.டி. (உடற்கல்வி) பீரியட்,
புதன்கிழமை, ஏழாவது பாடவேளை,
ஒன்பதாம் வகுப்பு 'ஆ' பிரிவு (டைம்டேபிளில் மட்டும்).

பெறுநர்
உயர்திரு இயக்குநர் அவர்கள்,
பள்ளிக் கல்வி இயக்ககம்,
பேராசிரியர் அன்பழகன் கல்வி வளாகம்,
கல்லூரிச் சாலை, சென்னை-6.

பொருள்: வகுப்பறையில் அடைபட்டிருக்கும் மனுதாரரை மைதானத்துக்கு அனுப்பிவைக்கக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: மாணவர்கள் வாய்மொழியாகப் பலமுறை அளித்த முறையீடு: "சார், இன்னைக்காவது விடுங்க சார்."

ஐயா,

மனுதாரர் வாரந்தோறும் கடனாகப் போகிறவர். கடன் என்றுதான் பெயர். வாங்கியவர் எவரும் இதுவரை திருப்பித் தந்ததில்லை. உதயநிதி ஸ்டாலின் விளையாட்டுத் துறையைக் கையில் வைத்திருந்தபோது இதை வெளிப்படையாகவே பேசினார். விளையாட்டு பீரியடைக் கடன் வாங்காதீர்கள், முடிந்தால் உங்கள் கணக்கு, அறிவியல் பீரியடை விளையாட்டுக்குக் கடன் கொடுங்கள் என்று ஆசிரியர்களைக் கேட்டுக்கொண்டார். அந்தப் பேச்சை எல்லோரும் ரசித்தார்கள். ஸ்டாஃப் ரூமிலும் ரசித்தார்கள். ரசித்து முடித்துவிட்டு அடுத்த பீரியடைக் கடன் வாங்கப் போனார்கள்.

புதன்கிழமை மதியம் நடப்பதைத் தாங்கள் ஒருமுறை நேரில் பார்க்க வேண்டும். ஆறாவது பாடவேளை முடிய ஐந்து நிமிடம் இருக்கும்போதே கடைசி பெஞ்சில் ஷூ லேஸ் இறுக்கப்படும். பெண்கள் பக்கம் பின்னல் மடித்துக் கட்டப்படும். பெல் அடித்ததும் ஒருவன் வாசலில் நின்று வராந்தாவை நோட்டம் விடுவான். விசில் சத்தம் கேட்காது. செருப்புச் சத்தம்தான் கேட்கும். கணக்கு டீச்சர், ஒரு கையில் சாக்பீஸ், மறு கையில் இயற்கணிதம். "பி.டி. சார் இல்லையாம். போர்ஷன் நிறைய இருக்கு, நோட்டை எடுங்க."

சார் இல்லை என்பது பாதி உண்மை. அவர் பள்ளிக்கூடத்தில்தான் இருக்கிறார். காலையில் கேட்டருகே நின்று லேட்டாக வந்தவர்களை வரிசைப்படுத்தினார், பிரேயரில் 'அட்டென்ஷன், ஸ்டாண்ட் அட் ஈஸ்' சொன்னார், முடி வெட்டாதவர்களைப் பிடித்து வெளியே அனுப்பினார். இப்போது இலவச சைக்கிள் வந்த லாரியில் எண்ணிக்கை சரிபார்க்கிறார். உடற்கல்வியைத் தவிர உடலுழைப்பு எல்லாமும் அவருடையதே.

அவராவது நிரந்தரப் பணியாளர். 2012-இல் ஓவியம், உடற்கல்வி, இசை, தையல் போன்றவற்றைக் கற்பிக்க 16,549 பேரைப் பகுதிநேரமாக நியமித்தீர்கள். வாரத்துக்கு மூன்று அரைநாள் வேலை, மாதம் 5,000 ரூபாய். பிறகு அது 10,000, 12,500 என ஏறியது. பணி நிரந்தரம் செய்வோம் என்று 2021 தேர்தல் அறிக்கையில் தி.மு.க. சொன்னது, அதை நினைவூட்ட அந்த ஆசிரியர்கள் எத்தனையோ முறை தங்கள் வளாகத்திலேயே வந்து உட்கார்ந்தார்கள். ஒரு மாநிலத்தின் பாட்டு, படம், பந்து மூன்றையும் மூன்று அரைநாளுக்குள் மடித்துவைத்த கணக்கை எந்தக் கணக்கு டீச்சர் போட்டுக் கொடுத்தாரோ, மனுதாரர் அறியார்.

துறை ஒன்றுமே செய்யவில்லை என்று சொன்னால் மனுதாரர் நன்றி கெட்டவர் ஆவார். 2022-23 முதல் அரசுப் பள்ளிகளில் கலைத் திருவிழா நடக்கிறது. பறையும் கரகமும் களிமண் சிற்பமும் பள்ளி அளவில் தொடங்கி வட்டாரம், மாவட்டம் தாண்டி மாநிலம் வரை போகின்றன. வென்றவர்களுக்குக் 'கலையரசன்', 'கலையரசி' பட்டம். நல்ல காரியம், கிண்டல் இல்லை. அறிவியல் சோதனைகளைப் பிள்ளைகள் தொட்டுப் பார்க்க வானவில் மன்றம் வந்தது. பிறகு மகிழ் முற்றம்: மாணவர்கள் குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை என ஐந்து குழுக்களாகப் பிரிந்து புள்ளிகளுக்காகப் போட்டியிட வேண்டும். கான்வென்ட்காரர்களின் ரெட் ஹவுஸ், ப்ளூ ஹவுஸைவிட இது எவ்வளவோ அழகு. மனுதாரரை எந்தத் திணையில் சேர்ப்பது என்று யோசிக்கவே வேண்டாம். பிரிவுக்கு உரியது பாலை என்று தமிழ் ஐயா ஏற்கெனவே நடத்திவிட்டார்.

சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. வட்டாரப் போட்டி அறிவித்த மறுநாள் ஆள் தேர்வு நடக்கும். பரதம் வெளியில் கற்பவள், அகாடமிக்குப் போகிறவன், போன வருடமும் போனவன் என்று இருபது பேர் தேறுவார்கள். எல்லாவற்றுக்கும் அந்த இருபது பேர்தான். பேச்சுப் போட்டிக்கும் கோகோவுக்கும் ஒரே பையன் ஓடுகிற பள்ளிகளும் உண்டு. மீதி ஐந்நூறு பேரின் பள்ளி உணர்வு என்பது வெயிலில் உட்கார்ந்து கைதட்டுவது. தனியார் பள்ளி ஆண்டுவிழாவில் அதற்கும் கட்டணம் உண்டு: டிரெஸ் வாடகை, மேக்கப், டான்ஸ் மாஸ்டர், கடைசியில் போட்டோ.

பொருள்களுக்கும் குறைவில்லை. ஒவ்வொரு பள்ளிக்கும் மைதானம், ஒவ்வொரு வகுப்புக்கும் தேவையான விளையாட்டுப் பொருள்கள் என்று 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணையிலேயே இருக்கிறது. வந்த பொருள்கள் தலைமையாசிரியர் அறை பீரோவில் பத்திரமாக இருக்கின்றன. வாலிபால் மேல் ஒட்டிய பாலித்தீன் உறைகூடக் கிழியவில்லை. தொலைந்தால் யார் பதில் சொல்வது?

வென்றுவிட்டால் மட்டும் மனுதாரருக்குத் திடீர் மரியாதை. 2024 டிசம்பரில் சிங்கப்பூரில் குகேஷ் 18 வயதில் உலக செஸ் சாம்பியன் ஆனார். தமிழக அரசு ஐந்து கோடி ரூபாய் கொடுத்தது. பள்ளிகளில் அவர் படத்தோடு வாழ்த்துப் பலகைகள். நான்காம் வகுப்புக்குப் பிறகு அவர் முழுநேரமாகப் பள்ளிக்குப் போகவில்லை என்ற விவரத்துக்கு மட்டும் பலகையில் இடம் போதவில்லை. பெற்றோருக்கும் விஷயம் தெரியும்: பொறியியல் கலந்தாய்வில் விளையாட்டு வீரர்களுக்கு 500 இடம். பத்தாம் வகுப்பு வரை "பந்தைத் தொட்டா காலை ஒடிப்பேன்" என்றவர்கள், பிளஸ் டூ முடிந்ததும் "ஏதாவது சர்டிஃபிகேட் கிடைக்குமா சார்?" என்று பி.டி. சாரைத் தேடி வருகிறார்கள்.

கணக்கு டீச்சர் மேல் மனுதாரருக்குக் கோபம் இல்லை. தேர்ச்சி விகிதம் ஒரு புள்ளி குறைந்தால் மீளாய்வுக் கூட்டத்தில் அவரை எழுப்பி நிற்கவைத்து விளக்கம் கேட்கிறீர்கள். விளையாட்டு பீரியட் ஒரு வருடம் முழுக்க நடக்காவிட்டால் யாரும் யாரையும் எழுப்புவதில்லை. கேட்பாரற்ற சொத்தை யார்தான் எடுக்கமாட்டார்? 2017-இல் மாநில ரேங்க் அறிவிப்பை நிறுத்தினீர்கள், பள்ளிகள் வைக்கும் மதிப்பெண் பிளெக்ஸ் நிற்கவில்லை. 2025-26 முதல் பதினோராம் வகுப்புப் பொதுத்தேர்வும் கிடையாது. அந்த ஒரு வருடமாவது தன் பக்கம் வரும் என்று மனுதாரர் நம்பிக் காத்திருக்க, பதினோராம் வகுப்பிலேயே பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தை நடத்தும் பழைய வித்தையை சில பள்ளிகள் தூசி தட்டுவதாகக் காற்றுவாக்கில் சேதி.

ஆகவே, ஐயா அவர்கள் கருணைகூர்ந்து, காலியாக உள்ள உடற்கல்வி, ஓவிய, இசை ஆசிரியர் பணியிடங்களை முழுநேரமாக நிரப்பவும், பீரோ சாவியை பி.டி. சாரிடமே கொடுக்க உத்தரவிடவும் மனுதாரர் வேண்டுகிறார். அடுத்த மீளாய்வுக் கூட்டத்தில் தேர்ச்சி விகிதத்தைக் கேட்டு முடித்த கையோடு, "இந்த மாதம் எத்தனை விளையாட்டு பீரியட் நடந்தது? எத்தனை பேர் விளையாடினார்கள்?" என்று ஒவ்வொரு தலைமையாசிரியரிடமும் கேட்கும்படியும், பதிலை அந்த வகுப்புப் பிள்ளைகளிடமே சரிபார்க்கும்படியும் பணிவன்புடன் கேட்டுக்கொள்கிறார்.

இப்படிக்கு,
பி.இ.டி. பீரியட்