ஸ்ட்ராட்டா, லெஸ் பாலா?

மின்கிதாரில் ஸ்ட்ராட்டோகாஸ்டர் (சுருக்கமாக ஸ்ட்ராட்) வாங்குவதா, லெஸ் பால் வாங்குவதா என்ற பஞ்சாயத்துக்கு எழுபது வயது தாண்டிவிட்டது. இதை ஆரம்பித்து வைத்தவர்களின் லட்சணத்தைக் கொஞ்சம் பார்த்துவிடலாம்.

ஒரு கட்சிக்குத் தலைவர் லியோ ஃபெண்டர். கலிஃபோர்னியாவில், ஃபுல்லர்டன் ஊரில் ரேடியோ ரிப்பேர்க்காரர். கிதார் வாசிக்கத் தெரியாது. சுருதி சேர்க்கக்கூட வராது. அவர் கண்ணுக்குக் கிதாரும் என்றைக்காவது ரிப்பேருக்கு வரப்போகிற சாமான்தான். அதனால் கழுத்தை ஒட்டாமல் நாலு திருகு போட்டு முடுக்கினார். கெட்டால் கழற்று, வேறு மாட்டு! முந்தைய மாடலின் விளிம்பு விலாவில் குத்துகிறது என்று வாசிப்பவர்கள் புலம்ப, 1954-ல் வந்த ஸ்ட்ராட்டுக்கு உடம்பை இழைத்து வளைத்துக் கொடுத்தார்.

எதிர்க்கட்சி, மிச்சிகன் மாநிலத்துக் கலமசூவில் இருந்த கிப்சன். பரம்பரைப் பெருமைக்காரர்கள். லெஸ் பால் என்ற கிதார்க் கலைஞர் 1940-களில் ஒரு பைன் கட்டையில் தந்தி கட்டி, பார்ப்பவர்கள் மிரளக்கூடாதே என்று இருபுறமும் பழைய கிதாரை அறுத்து மாட்டிக்கொண்டு இவர்களிடம் போய் நின்றார். துடைப்பக்கட்டை என்று சிரித்து அனுப்பிவிட்டார்கள். 1950-ல் ஃபெண்டரின் கட்டைக் கிதார் சந்தைக்கு வந்ததும் சிரிப்பு நின்றது. அதே மனிதரைக் கூப்பிட்டு, 1952-ல் பொன்வண்ணம் பூசிய கிதாரில் அவர் பெயரையே பொறித்தார்கள். அந்த அவசரத்தில் கழுத்தின் சாய்வுக் கணக்கு தப்பிப்போனது வேறு கதை.

வாங்குகிறவர்கள் சும்மா இருந்தார்களா? கனம் தோளை முறிக்கிறது என்று லெஸ் பாலைத் திரும்பிப் பார்க்கவில்லை. 1960-ல் கிப்சன் அந்த வடிவத்துக்கு மூடுவிழா நடத்தி, மெலிந்த உடம்பும் இரட்டைக் கொம்புமாக வேறொன்றில் லெஸ் பாலின் பெயரை ஒட்டியது. அவருக்கே அது பிடிக்கவில்லை.

1966-ல் கிதார்க் கலைஞர் எரிக் கிளாப்டன், ஜான் மேயால் குழுவின் இசைத்தட்டில் பழைய லெஸ் பால் ஒன்றை மார்ஷல் ஆம்ப்ளிஃபயரில் அலறவிட்டார். ஆறு வருஷத்துக்கு முன் சீந்தாத சரக்குக்குத் திடீரென்று அடிதடி! மறு வருஷம் மான்டெரே இசைவிழா மேடையில் கிதார்க் கலைஞர் ஜிமி ஹென்ட்ரிக்ஸ் ஸ்ட்ராட்டைக் கொளுத்தினார். அதுவும் விளம்பரமாகத்தான் முடிந்தது.

1968-ல் கிப்சன் அசடு வழிய மறுபடி லெஸ் பால் செய்யத் தொடங்கியது. கிளாப்டனோ கட்சி மாறினார். சில வருஷங்களில் நாஷ்வில் கடையொன்றில் மலிவாகக் கிடந்த ஸ்ட்ராட்டுகளில் ஆறை அள்ளினார். மூன்றை நண்பர்களுக்குத் தானம் செய்துவிட்டு, மிச்ச மூன்றின் திருகுகளைக் கழற்றி, நல்ல பாகங்களைப் பொறுக்கி ஒரே கிதாராகச் சேர்த்துக்கொண்டார். 2004 ஏலத்தில் அந்த ஒட்டுக்கிதார் 9,59,500 டாலருக்குப் போனது.