நூறு கஜம் அளப்போம், வாருங்கள்

நம் நாட்டில் ஒரு கல்லூரியைப் புகையற்ற வளாகமாக ஆக்குவதைப் போலச் சுலபமான காரியம் வேறில்லை. தகரத்தில் ஒரு போர்டு, திறந்துவைக்க ஒரு பிரமுகர், கைதட்டப் பத்துப் பிள்ளைகள், மறுநாள் பேப்பரில் ஒரு போட்டோ. மே 31, உலகப் புகையிலை எதிர்ப்பு நாளன்று வைத்துக்கொண்டால் உத்தமம். கோடை விடுமுறையில் மாணவர்கள் ஊரில் இருக்கமாட்டார்கள். புகைக்க ஆளில்லாத வளாகம் புகையற்ற வளாகம்தானே!

இந்த விஷயத்தில் கேரளத்துக்குப் பெரிய பெருமையே உண்டு. பொது இடத்தில் புகைக்கக் கூடாது என்று 1999 ஜூலை 12-ல் தீர்ப்புச் சொன்னது கேரள உயர் நீதிமன்றம். வழக்குப் போட்டவர்களில் ஒருவர் மோனம்மா கொக்காட் என்ற கல்லூரிப் பேராசிரியை. தீர்ப்பளித்த இரு நீதிபதிகளில் ஒருவர் நம் ஏ.ஆர். லட்சுமணன். உச்ச நீதிமன்றம் அதே வழிக்கு வர 2001 நவம்பர் ஆயிற்று. 2003-ல் மத்தியச் சட்டம் வந்தது. 2008 காந்தி ஜெயந்தியன்று நாடு முழுக்க விதிகளை அமலாக்கியவர் அன்றைய சுகாதார அமைச்சர் அன்புமணி ராமதாஸ். தீர்ப்பில் ஒரு தமிழர், விதியில் ஒரு தமிழர். கேரள-தமிழக எல்லையில், பாறசாலைப் பக்கத்து வெற்றிலை முறுக்கான் கடைக்குள் மட்டும் எந்த மொழிக்காரரின் சட்டமும் இன்றுவரை நுழைந்தபாடில்லை.

அந்த மத்தியச் சட்டம் சொல்வது இது: கல்வி நிலையத்தின் மதிலிலிருந்து சுற்றிலும் நூறு கஜத்துக்குள் புகையிலைப் பொருள் எதையும் விற்கக் கூடாது. நூறு கஜம் என்றால் 91 மீட்டர் சொச்சம். டேப்பை எடுங்கள், அளந்தே பார்த்துவிடலாம். நம் கல்லூரிக்குப் பெயர் வேண்டாம். அது கற்பனையாகவே இருக்கட்டும். கடை கற்பனை இல்லை.

முதல் கஜம், கல்லூரி வாசல். போர்டு இருக்கிறது. 60 செ.மீ.க்கு 30 செ.மீ., விதிப்படி. யாரிடம் புகார் சொல்வது என்று பொறுப்பாளர் பெயரையும் அதில் எழுத வேண்டும் என்கிறது விதி. புகார் வந்தும் அவர் சும்மா இருந்தால், எத்தனை பேர் புகைத்தார்களோ அத்தனை பேருக்கான அபராதத்தையும் அவரே கட்ட வேண்டும் என்றும் சொல்கிறது. பிறகு யார் தன் பெயரை எழுதக் கொடுப்பார்? அந்த இடம் வெள்ளையாகவே கிடக்கிறது. வளாகத்திலேயே சுத்தமான இடம் அதுதான்.

முப்பதாவது கஜம், கடை. மிட்டாய் பாட்டில், நேந்திரங்குலை, சர்பத், கயிற்றில் தொங்கும் லைட்டர். "அண்ணாச்சி, ஒண்ணு." "இருவது ரூவா போடு மக்கா." பையன் போனை நீட்டுகிறான். கல்லாவுக்குப் பக்கத்தில் இருக்கும் சின்னப் பெட்டி, இருபது ரூபாய் வந்துவிட்டதென்று தெருவுக்கே கேட்கக் கூவுகிறது. குற்றம் நடந்ததைக் குற்றவாளியின் கடையே ஒலிபெருக்கியில் அறிவிக்கும் நாடு வேறெங்காவது உண்டா? போலீஸ் ஜீப்பும் அதே ரோட்டில்தான் போகிறது.

இன்னொரு கூத்தையும் பாருங்கள். சிகரெட் பாக்கெட்டில் 85 சதவீத இடத்துக்கு, அழுகிய தொண்டையின் படத்தோடு எச்சரிக்கை போட வேண்டும் என்பது 2016 ஏப்ரலிலிருந்து அமலில் இருக்கிறது. பையனோ பாக்கெட் வாங்குவதில்லை. ஒற்றை சிகரெட் வாங்குகிறான். பாக்கெட் கடைக்காரரிடமே தங்கிவிடுகிறது. அரசாங்கம் அத்தனை பாடுபட்டு அச்சடிக்கவைத்த எச்சரிக்கையை நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டிருப்பவர், பீடிகூடத் தொடாத அண்ணாச்சி ஒருவர்தான்.

பிடிபட்டால்? இருநூறு ரூபாய் வரை அபராதம். 2003-ல் எழுதிய இருநூறு. இருபது சிகரெட் உள்ள நல்ல பாக்கெட்டின் விலை இன்று அதைத் தாண்டிவிட்டது. குற்றத்தைவிடத் தண்டனை மலிவு! கர்நாடகம் 2024-ல் தன் பங்குக்குத் திருத்தம் கொண்டுவந்தது: அபராதம் ஆயிரம், வாங்கும் வயது 21, ஒற்றை சிகரெட் விற்பனைக்குத் தடை. நாட்டுக்கெல்லாம் சேர்த்து இப்படியொரு திருத்தத்தை 2020-லேயே மத்திய அரசு வரைந்தது. வரைந்ததோடு சரி.

நூறாவது கஜத்துக்கு வந்துவிட்டோம். எல்லையோர ஊர்களில் இங்கேதான் வேடிக்கை. இஞ்சிவிளை தாண்டினால் களியக்காவிளை; பனச்சமூட்டில் நாலடி நடந்தால் மாநிலம் மாறிவிடும். இந்தப் பக்கக் கல்லூரிகள் கேரளப் பல்கலைக்கழகத்தைப் பார்த்திருக்கின்றன, அந்தப் பக்கத்தவை மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தை. இங்கே கெடுபிடி என்றால் சரக்கு அங்கே, அங்கே கெடுபிடி என்றால் இங்கே. கேட்டால், "அது அவங்க லிமிட்" என்கிறார் இவர். அவரும் அதையே சொல்கிறார். மத்தியச் சட்டத்துக்கு எல்லைக்கல் கிடையாது ஐயா. நின்றுபோவது நீங்கள்.

கணக்கும் அரசாங்கத்தின் கணக்குதான். 2009-10 ஆய்வில் கேரளத்தில் பெரியவர்களில் 21.4 சதவீதம் பேர் புகையிலை பயன்படுத்தினார்கள்; 2016-17-ல் அது 12.7 ஆகக் குறைந்தது. அதே காலத்தில் தமிழ்நாடு 16.2-லிருந்து 20-க்கு ஏறியது. மனசு வைத்தால் குறைக்க முடியும் என்பதற்கும், வைக்காவிட்டால் என்ன ஆகும் என்பதற்கும் சாட்சி ஒரே ரோட்டின் இரண்டு பக்கத்திலும் இருக்கிறது. குறைத்தவர்கள் போர்டோடு ஓய்ந்துவிடாமல் இருக்க வேண்டும், ஏற்றியவர்கள் வெட்கப்பட வேண்டும்.

டேப்பைச் சுருட்டாதீர்கள். நூறு கஜத்துக்கு அப்பால்தான் பெரிய கடை இருக்கிறது.

திருவிதாங்கூர் அரசு ஒரு காலத்தில் புகையிலையைத் தானே ஏகபோகமாக விற்றது. யாழ்ப்பாணத்துப் புகையிலையை வாங்கிக் குடிமக்களுக்கு விற்று கஜானாவை நிரப்பியது. 1863-ல் திவான் மாதவராவ் அதை ஒழித்தார். இன்றைக்கு ஒழிந்துவிட்டதா? நாட்டின் பெரிய சிகரெட் கம்பெனியான ஐடிசியில் எல்ஐசிக்கு 15 சதவீத அளவுக்குப் பங்கு. நம் ஆயுளைக் காப்பீடு செய்யும் அதே எல்ஐசி! நீண்ட நாள் வாழ்ந்தால் பிரீமியம், சீக்கிரம் போனாலும் டிவிடெண்ட். 2025 செப்டம்பரில் ஜிஎஸ்டி கவுன்சில் பீடிக்கான வரியை 28-லிருந்து 18 சதவீதமாகக் குறைக்க முடிவு செய்தது. கேட்டால், தொழிலாளர் வயிறு என்பார்கள். 1969-ல் கண்ணூரில் தொடங்கிய தினேஷ் பீடி கூட்டுறவு, பீடி சரிந்தபோது உணவுப் பொருளுக்கும் குடைக்கும் மாறித் தொழிலாளர்களைக் காப்பாற்றியது. பீடி சுற்றிய கைக்குத் தெரிந்த மாற்று வழி, கோப்பு சுற்றும் கைக்குத் தெரியவில்லையாம்.

புகையிலையின் கேடு தெரியாது என்று மட்டும் யாரும் சொல்ல வேண்டாம். காரக்கோணத்து மருத்துவக் கல்லூரி டாக்டர் சோமர்வெல் பெயரைத் தாங்கி நிற்கிறது. அவர் அறுவை சிகிச்சை செய்தது நெய்யூர் மிஷன் ஆஸ்பத்திரியில். அதே ஆஸ்பத்திரியின் டாக்டர் ஆர் (Orr), வெற்றிலையும் புகையிலையும் மென்ற திருவிதாங்கூர்க்காரர்களின் வாய்ப்புற்றைப் பற்றி 1933-லேயே லான்செட் இதழில் எழுதிவிட்டார். அன்றைக்கு இந்த எல்லைக்கோடே இல்லை. அது வந்தது 1956-ல். நோயைப் பற்றி அன்றே எழுதிவைத்த ஊரில், தொண்ணூறு ஆண்டு கழித்தும் பள்ளிக்கூடப் பிள்ளை வாயில் ‘கூல் லிப்’ புகையிலைப் பொட்டலத்தை ஒதுக்கிக்கொண்டு வகுப்பில் உட்கார்ந்திருக்கிறது. குட்காவைக் கேரளம் தடை செய்தது 2012-ல், தமிழ்நாடு 2013-ல். கடத்துகிறவனுக்கு விலை ஏறியதுதான் மிச்சம். புகையிலையால் இந்தியாவில் ஆண்டுக்கு 13 லட்சம் பேருக்கு மேல் சாகிறார்கள். திருவனந்தபுரம் மண்டலப் புற்றுநோய் மையத்தின் வரிசையில் "இது எங்க லிமிட் இல்லை" என்று சொல்லித் தப்பித்த நோயாளியை எவரும் கண்டதில்லை.

ஆகவே துணைவேந்தர்களே, எல்லையின் இரண்டு பக்கத்து மாவட்ட ஆட்சியர்களே, அடுத்த போர்டைத் திறக்க ரிப்பன் வாங்குமுன் நான்கு காரியம் செய்யுங்கள். போர்டில் ஒரு பெயரை எழுதுங்கள். ஒற்றை சிகரெட் விற்பனையைத் தடை செய்யச் சொல்லி அரசுக்கு எழுதுங்கள். இரண்டு மாநில அதிகாரிகளும் ஒரே நாளில், ஒரே ரோட்டில் சேர்ந்து சோதனைக்குப் போங்கள். பிடிபடும் பையனை அவமானப்படுத்தாமல், பழக்கத்தை விட உதவும் ஆலோசகரிடம் அனுப்புங்கள். இந்த நான்கும் முடியாது என்றால் அந்தத் தகரத்தைப் பழைய இரும்பு வாங்கும் ஆக்கர்காரருக்குப் போடுங்கள். கிடைக்கிற காசு உங்கள் சட்டத்தின் அபராதத்தைவிட அதிகமாக இருக்கும்.