உடம்பைக் குறைக்கும் உறுதியின் ஆயுட்காலம்: கீரனூரை முன்வைத்து ஓர் ஆய்வு

முதலில் ஆய்வு எல்லை. தமிழ்நாட்டில் கீரனூர்கள் பல. புதுக்கோட்டைப் பக்கம் ஒன்று பெரிதாகவே இருக்கிறது. காங்கேயத்துப் பக்கமும் ஒன்று உண்டு. இக்கட்டுரை எடுத்துக்கொள்வது திண்டுக்கல் மாவட்டத்தில், பழனிக்கு வடக்கே கிடக்கும் கீரனூரை. நாவலாசிரியர் ஜாகிர்ராஜா தம் பெயருக்கு முன்னால் போட்டுக்கொள்ளும் ஊரை. மற்றக் கீரனூர்க்காரர்கள் இளைத்தாலும் பெருத்தாலும் இவ்வாய்வு பொறுப்பேற்காது.

அடுத்து ஆய்வுப் பொருள். தொப்பையைப் பற்றி டாக்டர்கள் வேண்டிய மட்டும் எழுதிவிட்டார்கள். அதைக் குறைத்தே தீருவது என்று மனிதன் எடுக்கும் உறுதி எங்கே பிறக்கிறது, எத்தனை நாள் உயிரோடிருக்கிறது, யார் கையால் சாகிறது என்பதை ஆராய்ந்தவர் குறைவு. வள்ளுவர்கூட 95ஆம் அதிகாரத்துக்கு ‘மருந்து’ என்று பெயர் வைத்துவிட்டு, ஒரு மருந்தின் பெயரையும் சொல்லாமல், பாதிக்கு மேல் சாப்பாட்டின் அளவைப் பற்றியே பேசுகிறார். அளவைச் சொன்னவர், அந்த அளவில் நிற்பதற்கான வைராக்கியம் எந்தக் கடையில் கிடைக்கும் என்று சொல்லாமல் போனார். அந்த இடைவெளியை நிரப்பவே இக்கட்டுரை.

உறுதி பிறக்கும் இடத்தில் ஐயமே இல்லை. அது ரத்தப் பரிசோதனை நிலையம். ‘பார்டர்ல இருக்குங்க’ என்ற ஒரு வாக்கியம் போதும். அன்று மாலையே பழனிக்கோ தாராபுரத்துக்கோ பஸ் ஏறி ஷூ வாங்கப்படுகிறது. ராத்திரிச் சோறு நின்று சப்பாத்தி வருகிறது. சோறு என்றால் ஒரு தட்டோடு எழுந்துவிடுகிற மனிதர், சப்பாத்தியை மருந்து வகையில் சேர்த்துவிட்டதால் நாலு சாப்பிடுகிறார். குருமா நன்றாக அமைந்துவிட்டால் ஆறு. இங்கே கவனிக்க வேண்டிய நுட்பம் ஒன்று உண்டு. உறுதி எந்தக் கிழமையில் பிறந்தாலும் அது அமலுக்கு வருவது திங்கட்கிழமைதான். இடைப்பட்ட நாட்களை ‘கடைசியா ஒரு தடவை’க் காலம் என்று இக்கட்டுரை வகுக்கிறது. 1957இல் நாகசாமி நாயுடு திண்டுக்கல்லில் ஆனந்த விலாஸ் பிரியாணி ஓட்டலைத் தொடங்கினார். அவர் தலையில் கட்டியிருந்த தலைப்பாகையால் அது தலப்பாகட்டி ஆனது. சீரகச் சம்பாவுக்கு ஒரு மாவட்டமே அடிமையானது. அந்த வாசனைக்கு ‘கடைசியா ஒரு தடவை’க் காலத்தில் ஏற்படும் கிராக்கி தனி ஆய்வுக்குரியது. ஒரு திங்கள் தவறினால் அடுத்த திங்கள் வரை அந்தக் காலம் தானாகவே நீண்டுவிடும்.

உலக இலக்கியத்தையும் ஒரு பார்வை பார்த்துவிடலாம். இத்தாலி மருத்துவர் சாந்தோரியோ, தராசில் தொங்கவிட்ட நாற்காலியில் உட்கார்ந்து, தான் உண்டதையும் வெளியேற்றியதையும் தன்னையும் சுமார் 30 ஆண்டுகள் நிறுத்துப் பார்த்து, 1614இல் நூலாக வெளியிட்டார். மனித வரலாற்றில் எடை பார்ப்பதில் இவ்வளவு விடாப்பிடி வேறு யாருக்கும் இருந்ததாகத் தெரியவில்லை. ஆனால் அவர் இளைக்க ஆசைப்படவில்லை. போட்ட தீனிக்கும் வெளியே வந்ததற்கும் கணக்கு ஏன் உதைக்கிறது என்பதுதான் அவர் கவலை. இளைக்க விரும்பாதவர் 30 ஆண்டு தாக்குப்பிடித்தார் என்ற இந்தக் குறிப்பு நமக்குப் பின்னால் தேவைப்படும்.

அடுத்தது மின்னசோட்டா. 1944இல் அமெரிக்காவில் ஆன்செல் கீஸ் என்பவர், போருக்குப் போக மனச்சாட்சி இடம் தராத 36 இளைஞர்களைச் சேர்த்து, 24 வாரம் அரைவயிற்றுச் சாப்பாட்டில் வைத்தார். பட்டினி கிடக்கும் ஐரோப்பாவுக்கு உணவு கொடுப்பது எப்படி என்று அறிவதற்காக நடந்த சோதனை அது. நாளாக ஆக அந்த இளைஞர்களில் பலர் வேறு எதிலும் மனம் ஒட்டாமல் சமையல் புத்தகங்களைப் படிக்கவும், பலகாரச் செய்முறைகளை எழுதி வைக்கவும் ஆரம்பித்துவிட்டார்கள். கீரனூரில் டயட்டில் இருக்கும் குடும்பத்தலைவர் ராத்திரி பதினொரு மணிக்குப் போர்வைக்குள் போனை வைத்துக்கொண்டு தம் பிரியாணி வீடியோ பார்ப்பதை வீட்டார் தவறாகப் புரிந்துகொள்ளக் கூடாது. அது அறிவியல்பூர்வமான அறிகுறி.

இனி களஆய்வு. அதிகாலை, சாலையோரம், மக்காச்சோளக் காட்டுக் காற்று. நடைக்குழு கிளம்புகிறது. கையிலிருக்கும் போன் பத்தாயிரம் அடி கேட்கிறது. பத்தாயிரம் எந்த மருத்துவர் எழுதிக் கொடுத்த அளவும் இல்லை. 1965இல் ஜப்பானில் ஒரு கம்பெனி விற்ற அடி எண்ணும் கருவிக்கு வைத்த பெயரிலிருந்து வந்தது. ஆனாலும் 2023 நவம்பரில் நம் அரசு ‘நடப்போம் நலம் பெறுவோம்’ என்று மாவட்டந்தோறும் எட்டு கிலோமீட்டர் நடைபாதை குறித்தபோது, அந்த நீளமும் ஏறத்தாழ அதே பத்தாயிரத்துக்குத்தான் வந்து நின்றது. கீரனூர் நடைக்குழுவுக்கு இந்த எண்களில் ஈடுபாடு இல்லை. அதன் பாதை டீக்கடையில் முடிகிறது. 80 கிலோ ஆள் ஐந்து கிலோமீட்டர் நடந்தால் 300 கலோரிக்குக் கொஞ்சம் குறைவாகச் செலவாகும். சீனி போட்ட ஒரு டீயும் இரண்டு உளுந்து வடையும் அந்தக் கணக்கை நேர்செய்துவிடும். ‘டீ மட்டும் சக்கரை இல்லாம’ என்று சொல்கிறவர்கள் மூன்றாவது வடைக்குத் தகுதி பெறுகிறார்கள். ஆடி மாதம் வேறு. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் மேல்காற்று ஆளைத் தள்ளும். போகும்போது எதிர்காற்று என்றால் ஒரு வடை அதிகம். அந்த நியாயத்தை இதுவரை யாரும் எதிர்த்ததில்லை.

இந்த வட்டாரத்தின் ஆகப்பெரிய உடற்பயிற்சிக் கூடம் பழனிமலை. 693 படி, சுமார் 450 அடி உயரம். 1966இல் விஞ்ச் வந்தது, 2004இல் ரோப் கார் வந்தது. படியேறுகிறவர்கள் இன்னும் ஏறிக்கொண்டுதான் இருக்கிறார்கள். அதே 80 கிலோ ஆள் ஒருமுறை ஏறினால், பௌதிகக் கணக்குப்படி நூற்றுச் சொச்சம் கலோரி எரியும். ஒரு கிலோ கொழுப்பில் ஏறத்தாழ 7,700 கலோரி இருக்கிறது. ஆக, ஒரு கிலோ குறைய முருகனை எழுபது தடவை பார்க்க வேண்டும். பார்த்துவிட்டு இறங்கும்போது பஞ்சாமிர்தம் வாங்காமல் வர வேண்டும் என்பது உபநிபந்தனை. விருப்பாச்சி வாழைப்பழம், நாட்டுச்சர்க்கரை, நெய், தேன், பேரீச்சை: இரண்டு மேசைக்கரண்டியில் ஏறிய மலை முழுவதும் திரும்பி வந்துவிடும். இன்னொரு தரவையும் பதிவு செய்கிறோம். திண்டுக்கல் பூட்டுக்கும் பழனிப் பஞ்சாமிர்தத்துக்கும் புவிசார் குறியீடு கிடைத்தது ஒரே ஆண்டில், 2019இல். ஒரே மாவட்டத்தில் பூட்டும் பஞ்சாமிர்தமும் அரசாங்க முத்திரை பெற்றும், முன்னதைப் பின்னதற்குப் போடும் முறையை எவரும் கண்டுபிடிக்கவில்லை.

பணத்தைக் கட்டிவிட்டால் பயத்திலாவது போவோம் என்றொரு கொள்கை உண்டு. அதை 2006லேயே டெல்லாவிக்னா, மால்மெண்டியர் என்ற இரு பொருளாதார அறிஞர்கள் கவிழ்த்துவிட்டார்கள். மாதம் 70 டாலருக்கு மேல் ஜிம்முக்குக் கட்டியவர்கள் மாதத்துக்குச் சராசரியாக நாலு தடவை சொச்சம்தான் போனார்கள். ஒரு தடவைக்கு 17 டாலருக்கு மேல் விழுந்தது. அதே ஜிம்மில் ஒரு தடவைக்குப் பத்து டாலர் கணக்கில் சீட்டு கிடைத்தது. அமெரிக்கர்கள் இப்படி என்றால், மொய் எழுதிவிட்டுச் சாப்பிடாமல் வந்தால் தூக்கம் வராத நம்மவர்கள் தேவலை.

இனிதான் ஆய்வின் மையம். மோட்டிவேஷன் இல்லை, மோட்டிவேஷன் இல்லை என்று புலம்பும் இதே ஊரில், அந்தச் சொல்லையே கேள்விப்படாதவர்கள் இரண்டு காரியங்களை வருஷந்தவறாமல் செய்துமுடிக்கிறார்கள். ஒன்று தைப்பூசப் பாதயாத்திரை. காரைக்குடிப் பக்கத்திலிருந்து நகரத்தார் காவடியோடு தலைமுறை தலைமுறையாக நடந்து வருகிறார்கள். இந்தப் பக்கத்து ஊர்களிலிருந்தும் பச்சை வேட்டியோடு செருப்பில்லாமல் கிளம்புகிறார்கள். பஸ் ஸ்டாண்டிலிருந்து வீட்டுக்கு ஆட்டோ தேடுகிறவர் அன்றைக்கு மட்டும் கொப்புளத்தோடு நடக்கிறார். மற்றது ரமலான் நோன்பு. சஹருக்கு எழுந்து சாப்பிட்டுவிட்டு, பங்குனி வெயிலானாலும் மக்ரிப் பாங்கு வரை பச்சைத் தண்ணீர் இறங்காது. மற்ற நாளில் பதினொரு மணி டீ ஐந்து நிமிஷம் தள்ளிப்போனால் தலைவலிக்கும் மாமுவுக்கு அந்த மாதம் முழுக்கத் தலை வலிப்பதில்லை.

இவ்விரண்டிலும் தேதி குறிப்பது பிறையோ பஞ்சாங்கமோ. ஆள் நினைத்தால் திங்கட்கிழமைக்குத் தள்ள முடியாது. தெருவே சேர்ந்து செய்வதால், விட்டால் விட்டவன் பெயர் மறுநாள் தெருவுக்குத் தெரியும். எல்லாவற்றையும்விட முக்கியம், எடை குறைப்பது இங்கே நோக்கமே இல்லை. ஆகவே முள் நகரவில்லையே என்று மனமுடைய வழியில்லை. (சாந்தோரியோ 30 ஆண்டு நாற்காலியில் தொங்கியதன் ரகசியமும் இதுவே.) உண்மையில் முள் எதிர்த்திசையிலும் நகரக்கூடும். பாதயாத்திரை வழியெங்கும் அன்னதானப் பந்தல். நோன்பு திறந்தால் கஞ்சி, கஞ்சிக்கு வடை. யாரும் கவலைப்படுவதில்லை. லண்டனில் லாலி என்பவரின் குழு 2010இல் வெளியிட்ட ஆய்வின்படி ஒரு பழக்கம் தானாக நடக்கிற அளவுக்குப் படியச் சராசரியாக 66 நாள் ஆகிறது. ஆளைப் பொறுத்து 18 முதல் 254 வரை. மாலை போட்டு விரதமிருக்கும் நம் மண்டலம் 48 நாள். லண்டனுக்கும் நமக்கும் 18 நாள்தான் வித்தியாசம். மாலையைக் கழற்றுவதற்கு முன் இன்னொரு 18 நாளைச் சேர்த்துக் குறித்துக் கொடுத்திருந்தால் இந்த மாவட்டத்தில் ஷூக்கடைகள் செழித்திருக்கும் என்பது இவ்வாய்வாளனின் தாழ்மையான கருத்து.

கடைசியாக, உறுதியைக் கொல்வது யார்? பிரியாணி என்பார்கள், வடை என்பார்கள், மாமியார் வீட்டு விருந்து என்பார்கள். இவை காயப்படுத்தும், கொல்லாது. எல்லாத் தடைகளையும் தாண்டி, வாயைக் கட்டி, வயிற்றைக் கட்டி, நாலு கிலோ குறைத்த ஒருவர் பெல்ட்டில் புது ஓட்டை போட்டுக்கொண்டு பஸ் ஸ்டாப்புக்கு வருகிறார். யாராவது ஒரு வார்த்தை சொல்லமாட்டார்களா என்று மனம் ஏங்குகிறது. எதிரே வருகிற தெரிந்தவர் நிற்கிறார், மேலும் கீழும் பார்க்கிறார், குரலைத் தாழ்த்துகிறார்: “என்னங்கண்ணே, ஒரேயடியா வத்திப் போயிட்டீங்க? சுகருங்களா?” இல்லை என்றால் நம்புவதில்லை. “எதுக்கும் ஒரு தடவை பெரிய ஆஸ்பத்திரியில காட்டிருங்க.” அடுத்தவர் வீட்டில் ஏதும் பிரச்சினையா என்று கேட்கிறார். மூன்றாமவர் கடனா என்று கேட்கிறார். நம் ஊரில் உடம்பு வைப்பது செழிப்பின் அடையாளம். வற்றுவது துக்கத்தின் அடையாளம். பரிசு வாங்கப் போனவர் அனுதாபத்தோடு வீடு திரும்புகிறார். அன்று ராத்திரி சப்பாத்தி வேண்டாம், சோறே போடு என்கிறார். அவர் மனைவியும், “இப்பத்தான் முகத்துல களை வந்துருக்கு” என்று இரண்டாவது கரண்டி வைக்கிறார். உறுதியின் மரணம் இப்படித்தான் நேர்கிறது. கொலைக்கருவி அன்பு என்பதால் வழக்குப் பதிய இடமில்லை.

ஆகவே கீரனூர்ப் பொதுமக்களுக்கு இவ்வாய்வின் சார்பில் ஒரு விண்ணப்பம். தெரிந்தவர் யாராவது இளைத்து வந்தால் சுகரா என்று கேட்காதீர்கள். ‘நாளைக்குக் காலையில எத்தனை மணிக்குக் கிளம்புறீங்க, நானும் வர்றேன்’ என்று சொல்லுங்கள். சொன்னால், தயவுசெய்து போங்கள். வடை உங்கள் இஷ்டம்.