ரிவிட் எண்ணும் மாப்பிள்ளைக்கு மாமனார் சொல்லும் புத்தி

மாப்ளே வாங்கப்போற பொம்மை ரயில் இஞ்சினை இன்னும் அச்சுல வார்க்கவே இல்லீங்களாமா. கம்பெனிக்காரன் கம்ப்யூட்டர்ல கோடு போட்டு ஒரு படம் மட்டும் காட்டியிருக்கானாம். அதுக்குள்ள மாப்ளே அதுல ஏழு குத்தம் கண்டுபிடிச்சு நோட்டுல எழுதி வெச்சுட்டு, நடுராத்திரியில கொட்டக் கொட்ட முழிச்சிட்டுப் படுத்திருக்காருன்னு எம்பட பொண்ணு போன்ல சொன்னா. "விடு கண்ணு, சீட்டாடல, தண்ணி அடிக்கல, இஞ்சின்தானே"ன்னு சமாதானம் சொல்லி வெச்சிருக்கறேன். இப்படி ஒரு நுணுக்கமான மனுசன் எங்க குடும்பத்துக்கு அமைஞ்சது குலசாமி குடுத்த வரமுங்க.

நாலு வார்த்தை சொல்லலாமுங்களா? நான் பெருசாப் படிச்சவன் இல்லீங்க. டீசல் ஷெட்டுல கலாசியா இருந்து ரிட்டையர் ஆனவன். நீங்க ஆசைப்படற அந்த டபிள்யூ.டி.எம்-2 இஞ்சினோட வவுத்துக்குள்ள பூந்து கிரீஸ் அள்ளுனவன். அவ்வளவுதான் நம்ம தகுதி.

மொதல்ல ஒரு சந்தேகம். "நிஜ இஞ்சின் மாதிரி இல்லை"ன்னு எழுதியிருக்கீங்களே, எந்த நிஜ இஞ்சினுங்க? 1962-ல அமெரிக்காவுல ஸ்கெனெக்டடி ஊர்ல இருந்து ஆல்கோ கம்பெனி அனுப்புன இஞ்சினா? 1964 ஜனவரியில இருந்து வாரணாசியில நம்ம ஆளுங்களே செய்ய ஆரம்பிச்சதா? பேரு ஒண்ணுதான், 16 சிலிண்டர், 2,600 குதிரைசக்தி. ஆனா 1990-கள் வரைக்கும் செஞ்ச ரெண்டாயிரத்துச் சொச்சத்துல ஒண்ணப் போல ஒண்ணு இருந்துதுன்னு யார் சொன்னாங்க? நடுவுல 'ஜம்போ'ன்னு ஒரு கூட்டம் வந்துது. டிரைவருக்கு நல்லாத் தெரியட்டும்னு முன்மூக்கைத் தாழ்த்தி, கண்ணாடியைப் பெருசாக்கி விட்டாங்க. அப்புறம் அதுலயும் சிலதைப் பழையபடி மூக்கை ஏத்தித் திருப்பி அனுப்புனாங்க. இப்ப சொல்லுங்க, தாழ்ந்த மூக்கு தப்பா, ஏறுன மூக்கு தப்பா?

மூக்கை விடுங்க. மொதல்ல வேக்குவம் பிரேக் இருந்துது. பொறகு ஏர் பிரேக் வந்துது. அதைப் பழசுல மாட்டுனா பேரு 2ஏ, பொறக்கும்போதே இருந்தா 2பி. பிரேக் மாறுச்சுன்னா பஃபர் பக்கத்துல தொங்கற ஓஸ் பைப்பு மாறும். ஒத்தை ஹெட்லைட்டு எரிஞ்ச எடத்துல ரெட்டை லைட்டு வந்துது. மேல மஞ்சளா ஃபிளாஷர் முளைச்சுது. கல்லெறிக்குப் பயந்து கண்ணாடிக்குக் கம்பிவலை அடிச்சாங்க. சிலது பட்டியாலா ரயில் பட்டறைக்குப் போயி 3,100 குதிரைசக்தி ஏத்திக்கிட்டு, 3ஏ-ன்னு புதுப் பேரோட, நம்பருக்குப் பின்னால ஒரு 'ஆர்' எழுத்தையும் ஒட்டிக்கிட்டு வந்துது. நான் இருந்த ஷெட்டுல ஒரு பக்கக் கதவு துருப்புடிச்சா, அக்கட்டு ரிப்பேருக்கு நிக்கற இஞ்சின் கதவைக் கழட்டி இதுல மாட்டிருவோம். செவப்பு ஒடம்புல ஒரே ஒரு நீலக் கதவோட அது மெயில் வண்டியை இழுத்துக்கிட்டுப் போகும். எந்தப் பயணியும் இறங்கி வந்து, "ஏனுங்க, இது சரித்திரப்படி சரிதானுங்களா?"ன்னு கேட்டதில்லை.

அதனால மாப்ளே, நிஜம் நிஜம்னு பொதுவுல பேசுனா அது வெறும் காத்து. ஒரு நம்பர், ஒரு வருசம், ஒரு ஷெட்டு, முடிஞ்சா ரெண்டு பக்கமும் எடுத்த போட்டோ. இது நாலும் கையில இருந்தாத்தான் குத்தம் சொல்ற வாய்க்கு மரியாதை.

ரெண்டாவது சங்கதி, கோவிச்சுக்கக் கூடாது. கைப்பிடிக் கம்பி தடிப்பா இருக்குதுன்னு எழுதியிருக்கீங்களாமே. நியாயமான பேச்சு. நிஜக் குழாய் 3 சென்டிமீட்டர்னு வெச்சாக்கூட, உங்க பொம்மை அளவுக்கு 87-ல ஒரு பங்கு போட்டா ஒரு மில்லிமீட்டர்ல மூணுல ஒரு பாகம்தான் வருது. அதைக் கண்ணுல புடிச்சீங்களே, அந்தக் கண்ணுக்குச் சுத்திப்போடணும். ஆனா அதே கண்ணு கொஞ்சம் கீழ இறங்கித் தண்டவாளத்தைப் பாக்கலீங்களே! நம்ம அகலப்பாதை 1,676 மில்லிமீட்டர். 87-ல வகுத்தா 19 மில்லிமீட்டருக்கு மேல வரணும். நீங்க வீட்டுல போட்டிருக்கறது 16.5. அது வெள்ளைக்காரன் பாதை, 1,435-க்குச் செஞ்சது. நிஜத்துக்குக் கொண்டுபோனா உங்க இஞ்சின் கால் மீட்டர் அளவுக்குக் காலை ஒடுக்கிக்கிட்டு நிக்குது. கம்பி மயிரிழை தடிப்புன்னு தூக்கம் கெட்டுப் போச்சு. பாதையே தப்புங்கறதுல மட்டும் நிம்மதியான தூக்கம். இதுல ஒரு வேடிக்கை பாருங்க: பொன்மலை ஷெட்டுல நின்ன ஒய்.டி.எம்-4 மீட்டர் கேஜ் இஞ்சினை இதே அளவுல செஞ்சா, அதுக்கு ஆகற 12 மில்லிமீட்டர் பாதை அரை மில்லிமீட்டர் பிசகுல அப்படியே பொருந்திப் போகும். சின்னப் பாதைக்காரன் யோக்கியன், பெரிய பாதைக்காரன்தான் பொய்க்காரன்.

கணக்கைப் பிசகவிட்டதுல நீங்க மொத ஆளு இல்லீங்க. அமெரிக்காவுல அத்தேர்ன்னு ஒரு கம்பெனி. அவன் அந்தக் காலத்துல போட்ட டீசல் பொம்மைகள்ல பல இஞ்சினுக்கு மேல்கூடு இருக்க வேண்டியதை விட அகலம். காரணம் கேட்டா சிரிப்பு வரும்: உள்ள வெக்கற மோட்டார் குண்டு. மோட்டாரை இளைக்க வெக்க முடியாம இஞ்சினைக் குண்டாக்கிட்டான். இங்கிலாந்துக்காரன் அதையே மொத்தமாச் செஞ்சான். அவன் ஊர் இஞ்சின் ஒல்லி, மோட்டார் நுழையல. அதனால ஒடம்பை மட்டும் 76-ல ஒரு பங்குன்னு பெருசாக்கி, பாதையைப் பழைய 16.5-லேயே விட்டுட்டான். இன்னைக்கும் அந்த நாடு பூரா அப்படித்தான் ஓட்டிட்டு இருக்குது. இப்ப மோட்டார் இளைச்சுப்போச்சு, மேல்கூடும் சரியான அளவுல வருது. ஆக, துல்லியம் துல்லியம்னு பேசறமே, அது பாதி ரசிகன் போட்ட சத்தத்துல வந்தது, மீதி மோட்டார் மெலிஞ்சதுல வந்தது.

மூணாவது, வளைவு. நம்ம அகலப்பாதையில அனுமதிச்ச ரொம்ப இறுக்கமான வளைவுக்கு ஆரம் 175 மீட்டர். அதைச் சுருக்குனா ரெண்டு மீட்டர். அரைவட்டம் அடிச்சுத் திரும்பணும்னா நாலு மீட்டர் அகலம் வேணும். உங்க வீட்டு ஹால்ல அதுக்கு வழி பண்ணணும்னா எம்பட பொண்ணு சோபாவோட வெளிய போகணும். அதனால 18 அங்குல ஆரத்துல வளைச்சு வெச்சிருக்கீங்க. அது நிஜத்துல 40 மீட்டர். அந்த வளைவுல அசல் இஞ்சினைப் பெட்டியோட கொண்டாந்து விட்டா, பஃபரும் பஃபரும் மல்லுக்கட்டி ரெண்டு வண்டியும் வயல்ல இறங்கி நிக்கும். இந்த வளைவுக்காகவே கம்பெனிக்காரன் சக்கரம் மாட்டுன போகிக்குப் பக்கத்துல படிக்கட்டை வெட்டுவான், கப்ளிங்கை வெளிய நீட்டுவான். அதையும் நீங்க குத்தத்துல அஞ்சாவதா எழுதியிருக்கீங்களாம். நல்லா இருக்குதுங்க நியாயம்.

அந்தியூர் சந்தையில மாட்டுக்குச் சுழி பாக்கறவனைப் பாத்திருப்பீங்க. முதுகுச் சுழி, வால்சுழி எல்லாம் சொல்லுவான். மாடு ஏர் இழுக்குமான்னு மட்டும் பாக்க மாட்டான். நீங்க அப்படி ஆயிரக் கூடாது. பொட்டியைப் பிரிச்சதும் மொதல்ல மெதுவா ஓட்டிப் பாருங்க. வேகக் கைப்பிடியோட நாட்சைக் கொஞ்சம் ஏத்துனா தயங்காம நகருதா, திருப்பத்துல நிக்காம போகுதான்னு பாருங்க. காதைக் குடுத்துச் சத்தத்தைக் கேளுங்க. ஆல்கோ இஞ்சின் நின்ன எடத்துல ஒரே சீராச் சத்தம் போடாது. அடிச்சு அடிச்சு நொண்டற மாதிரி ஒரு தாளம் இருக்கும். நாட்சை வெடுக்குனு ஏத்துனா கறுப்பாப் புகை தள்ளும், டர்போ வேகம் புடிக்கறதுக்குள்ள டீசல் முந்திக்கறதுனால. புகையை நீங்க கற்பனை பண்ணிக்கலாம். தாளத்தைக் கம்பெனிக்காரன்தான் குடுக்கணும்.

இப்ப காரியத்துக்கு வரலாமுங்க. நீங்க அவசரப்பட்டீங்கன்னு நான் சொல்ல வரலை. குத்தம் சொல்ல இதுதான் சரியான நேரம். படம் கம்ப்யூட்டர்ல இருக்கறவரைக்கும் கோட்டை அழிச்சுப் போடறதுக்குச் செலவு கம்மி. எஃகு அச்சு வெட்டிட்டான்னா கதை வேற. எஃகை இன்னும் கொஞ்சம் தோண்டலாம், தோண்டுன எடத்தை மூடறதுதான் பெரும்பாடு. தோண்டுனா பிளாஸ்டிக் கூடும். அதனால அச்சு வெட்டுன பொறகு, விட்டுப்போன ஒரு சின்னச் சங்கதியைச் சேத்துக்கலாம், தடிச்சுப்போனதை இளைக்க வெக்கறதுதான் கஷ்டம். உங்க ஏழு குத்தத்தையும் இந்தச் சல்லடையில போட்டுச் சலிங்க. தடிப்பு, அகலம், நீளம் பத்துனதை இன்னைக்கே எழுதி அனுப்புங்க. ஆணி, பூட்டு, தாழ்ப்பாள் நாளைக்குப் போகட்டும்.

எதைப் பாக்கணும்னு கேட்டா, ஒரு கெஜ தூரத்துல நின்னு தெரியறதை மொதல்ல பாருங்க. பஃபர்ல இருந்து பஃபர் வரைக்கும் 17.12 மீட்டர். பொம்மையில 197 மில்லிமீட்டர் வருதா? சக்கரம் பன்னெண்டரை மில்லிமீட்டருக்குப் பக்கத்துல இருக்குதா? போகியைக் குனிஞ்சு பாருங்க. இந்த இஞ்சினுக்கு நடு அச்சு நட்டநடுவுல இருக்காது, ஒரு பக்கம் நெருங்கியிருக்கும். மூணு சக்கரமும் சம தூரத்துல நின்னா கம்பெனிக்காரன் வேற இஞ்சின் காலை இதுல மாட்டிட்டான்னு அர்த்தம். இது நிஜக் குத்தம். இதுக்கு ராத்திரி முழிச்சிருந்தாத் தகும். கலரைப் பத்தி ரொம்ப அடம் புடிக்காதீங்க. பெரிய இஞ்சின்ல அடிச்ச அதே பெயிண்டைச் சின்னதுல அடிச்சா இருண்டு தெரியும். போதாததுக்கு நம்ம வெயில் ரெண்டு கோடையிலேயே எந்தச் செவப்பையும் வெளுக்க வெச்சிரும்.

கடைசியா ஒண்ணு, நம்ம ரெண்டு பேருக்குள்ள இருக்கட்டும். இஞ்சின் வந்ததும் எம்பட பொண்ணு விலை கேப்பா. அந்த எடத்துலதான் மாப்ளே உங்க துல்லியம் எனக்கு வேணும். ரயில்ல எப்படியோ, ரூபாயில ஒரு பைசா பிசகக் கூடாது. 26,100 ரூபாய்னா, 87-ல ஒரு பங்கு, முந்நூறு ரூபாய்னு சொல்லிருங்க. எந்த அளவுலன்னு அவ கேக்க மாட்டா. கேட்டா, மாமனாரைக் கேளுன்னு என்மேல போட்டுருங்க. நான் ஊர்ல இருக்க மாட்டேன்.